பொலிகுதிரைக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

மும்பையில் மகாலட்சுமி ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள ரேஸ் மைதானம் பழகிப்போன காட்சி. புனேயில் குடியிருப்பவர்களுக்கும் அப்படியே. ஆனால் 'ரேஸ்' என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ரேஸில் சொத்தை விட்ட ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ பல குடும்பங்களில் உண்டு. பந்தயம் கட்டுவதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே வாசகர்களுக்கு நல்லது. நாம் பார்க்கப் போவது அந்தக் குதிரை பிறந்த கதையை. அதாவது, அதற்குத் தகப்பன் எது என்று நான்கு வருஷம் முன்பே ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்த கதையை.

நான்கு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. இந்த மார்ச்சில் ஒரு பெண் குதிரையைப் பொலிகுதிரையுடன் சேர்த்தால் குட்டி பிறக்க ஏறக்குறைய பதினொரு மாதம். அது பந்தயத்துக்குத் தயாராக இரண்டு வயது முடிய வேண்டும். டெர்பி போன்ற பெரிய ஓட்டங்களில் ஓடும்போது அதற்கு நான்கு வயது தொடங்கியிருக்கும். அதுவரை தீவனம், லாயம், வைத்தியர், ஆள் கூலி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். எடுத்த முடிவு சரியா தவறா என்று அதற்கு முன் தெரியாது. தவறு என்று தெரிய வரும்போது அதே பொலிகுதிரைக்கு இன்னும் மூன்று வருஷக் குட்டிகள் வரிசையில் நிற்கும். சிறிய பண்ணைக்காரர் ஒருவர் பொலிகுதிரை விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

பெண் குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு குட்டிதான். பெயர் பெற்ற பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் நூறு பெண் குதிரைகளுக்கு மேல் சேரும். ஒவ்வொரு குட்டியிலும் தாய்க்கும் தந்தைக்கும் சரிபாதிப் பங்கு என்றாலும், மொத்த இனத்தின் போக்கைத் திருப்புவது பொலிகுதிரைதான். அதனிடம் ஒரு குறை இருந்தால் அந்தக் குறை நூறு லாயங்களுக்குப் போய்விடும். நம் ஊரில் கோயில் காளையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரியவர்கள் அத்தனை கவனம் எடுத்துக்கொண்டது இதனால்தான்.

மூன்று தாத்தாக்கள்

உலகத்தில் ரேஸ் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை 'தரோபிரெட்' என்ற ஒரே இனம். இங்கிலாந்தில் உருவான இனம் என்றாலும் அதன் ஆண்வழி மூலவர்கள் மூவரும் கீழை நாட்டிலிருந்து போனவர்கள். முதலாவது பையர்லி டர்க். இது படைக்குதிரை, காப்டன் பையர்லி 1690-ல் அயர்லாந்துப் போரில் இதில் ஏறித்தான் போனார். இரண்டாவது, சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து 1704-ல் இங்கிலாந்து சேர்ந்த டார்லி அரேபியன். மூன்றாவது காடல்பின் அரேபியன். இது பாரிஸ் நகரத்துத் தெருவில் தண்ணீர் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, வண்டிக் குதிரை ரேஸ் வம்சத்துக்கு மூலபுருஷன் ஆனது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று இருக்கும் தரோபிரெட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஆண்வழியில் டார்லி அரேபியனைத்தான் போய்ச் சேரும். காரணம் அதன் கொள்ளுப்பேரனின் மகன் எக்லிப்ஸ். 1764-ல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் அந்தப் பெயர். பதினெட்டு முறை ஓடிப் பதினெட்டிலும் ஜெயித்தது.

இந்த வம்சாவளிப் புத்தகம் 1791-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சானது. நம் நாட்டில் அந்தப் பதிவேடு இருப்பது புனேயில். குட்டி பிறந்தால் அதன் தாய் தந்தை யார் என்று மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே பதிவு. ஒரு விதி விசித்திரமானது: தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டல் கூடாது. மாட்டுக்கு ஊசி போடுவது போலக் குதிரைக்குப் போட்டால் அந்தக் குட்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள். ஆகையால் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்குப் பெண் குதிரையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்; அல்லது கப்பலிலோ விமானத்திலோ பொலிகுதிரையையே வரவழைக்க வேண்டும். பொலிகுதிரையின் விலை ஆகாயத்தைத் தொடுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

ஜாதகமா, சம்பாத்தியமா, பிள்ளைகளா?

மாப்பிள்ளை பார்க்கும்போது குலம் கோத்திரம் பார்க்கிறோம், உத்தியோகம் பார்க்கிறோம். பொலிகுதிரைக்கும் அதே இரண்டும் உண்டு: வம்சாவளி, பந்தயத்தில் காட்டிய திறமை. மாப்பிள்ளையிடம் பார்க்க முடியாத மூன்றாவது ஒன்றும் உண்டு: ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் எப்படி ஓடுகின்றன என்பது. இந்த மூன்றில் கடைசியே நம்பகமானது என்பது என் கருத்து. ஆனால் அது தெரியும்போது பொலிகுதிரைக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். கட்டணமும் பல மடங்கு ஏறியிருக்கும். முதல் இரண்டை மட்டும் நம்பி இளம் பொலிகுதிரையை எடுப்பவர்தான் உண்மையில் துணிச்சல்காரர்.

நார்தர்ன் டான்ஸர் என்ற கனடா நாட்டுக் குதிரையைப் பாருங்கள். 1961 மே 27-ல் பிறந்தது. வட நாடுகளில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாள் என்பது ரேஸ் கணக்கு. அப்படிப் பார்த்தால் இது பந்தியில் கடைசியாக உட்கார்ந்த பிள்ளை. ஆளும் குட்டை. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்க வைத்தபோது வாங்குவாரில்லை. 1964-ல் அதே குதிரை கென்டக்கி டெர்பியை இரண்டு நிமிஷத்தில் ஓடி முடித்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்தது. பொலிகுதிரையாக முதல் வருஷம் கட்டணம் 10,000 டாலர். எண்பதுகளின் நடுவில் ஒரு தடவைக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள், கொடுக்கவும் செய்தார்கள். இன்று எந்த நாட்டு டெர்பியில் ஜெயித்த குதிரையின் வம்சாவளியைப் பிரித்தாலும் எங்காவது ஓரிடத்தில் இதன் பெயர் வராமல் இருப்பது அபூர்வம்.

இதன் மகன் ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. ரஸீன் என்று பெயர். 1990-ல் இங்கிலாந்து எப்ஸம் டெர்பியில் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த குதிரை. ஓட்டத்தில் பின்னுக்குப் போய்விட்டது. ஜெயித்திருந்தால் நம் ஊர்ப் பண்ணைகள் அதை நிமிர்ந்தும் பார்த்திருக்க முடியாது. தோற்றதால் கைக்கு எட்டியது. குர்காவ் பக்கத்து உஷா பண்ணையில் நின்று, பல வருஷங்கள் இந்தியாவின் முதல்நிலைப் பொலிகுதிரையாக இருந்தது. இந்தியப் பண்ணைக்காரர்களின் கணக்கே இதுதான்: ஜெயித்த பெரிய குதிரையை வாங்கக் காசு இல்லை, ஆகவே நல்ல ரத்தம் உள்ள, ஆனால் ஓட்டத்தில் ஏதோ ஒரு காரணத்தால் சறுக்கிய குதிரையைத் தேடு. அந்தக் 'காரணம்' என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். ஜாக்கி தவறா, மைதானம் ஈரமா, காய்ச்சலா என்றால் பரவாயில்லை. காலில் பலமில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அது பிள்ளைக்கும் வரும்.

சண்டே சைலன்ஸ் கதை இதைவிட ருசி. அமெரிக்காவில் 1989-ல் கென்டக்கி டெர்பி உட்படப் பெரிய ஓட்டங்களை ஜெயித்த குதிரை. ஆனால் பின்னங்கால்கள் மூட்டில் உள்நோக்கி வளைந்தவை. தாய்வழி வம்சமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் ஒதுங்கினார்கள். ஜப்பானியரான ஸென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். 1995 முதல் 2007 வரை தொடர்ந்து பதின்மூன்று வருஷங்கள் ஜப்பானின் முதல்நிலைப் பொலிகுதிரை அதுதான். வாங்கிய யோஷிதா 1993-ல் காலமானார். முதல் குட்டிகள் மைதானத்தில் இறங்கியது 1994-ல்.

இதையெல்லாம் சொல்வதால் வளைந்த காலும் குட்டை உருவமும் நல்லவை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். இப்படிப்பட்ட கதைகள் நம் காதுக்கு வருவது அவை அபூர்வம் என்பதால். வளைந்த காலோடு வந்து வளைந்த கால் குட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போன பொலிகுதிரைகளின் பெயர் நமக்குத் தெரியாது.

தாயைப் போல பிள்ளை

நூலைப் போல சேலை என்று நம் பாட்டிமார் சொன்னதை அமெரிக்கக்காரர்கள் செக்ரடேரியட் என்ற குதிரையிடம் கற்றுக்கொண்டார்கள். 1973-ல் மூன்று பெரிய ஓட்டங்களையும் ஜெயித்து, அதில் கடைசியில் 31 குதிரை நீளம் முன்னால் வந்த குதிரை அது. பொலிகுதிரையானதும் அதன் மகன்கள் தகப்பனைப் போல ஓடுவார்கள் என்று உலகமே காத்திருந்தது. மகன்களில் சிலர் நன்றாக ஓடினார்கள், பெரும்பாலோர் சுமார்தான். ஆனால் மகள்கள் வயிற்றில் பிறந்த பேரன்கள் — ஸ்டார்ம் காட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் — மூவருமே அந்தக் காலத்தின் தலைசிறந்த பொலிகுதிரைகள். அதனால் பொலிகுதிரையைப் பார்க்கப் போகிறவர், தன் பெண் குதிரையின் தகப்பன் யார் என்ற கேள்வியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். தாய்வழித் தாத்தாவுக்கு வம்சாவளிப் பட்டியலில் தனி இடம் கொடுத்திருப்பது இதற்காகவே.

நெருங்கிய உறவில் சேர்ப்பது பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உள்ள நமக்கு இது எளிதில் புரியும். வம்சாவளியில் ஒரே மூதாதை இரண்டு பக்கமும் வந்தால், எத்தனையாவது தலைமுறையில் வருகிறது என்று எண்ணால் எழுதுவார்கள். தந்தை வழியில் மூன்றாவது தலைமுறை, தாய் வழியில் இரண்டாவது என்றால் 3×2. 2017, 2018 இரண்டு வருஷமும் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை வென்ற எனேபிள் என்ற பெண் குதிரை, சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற பொலிகுதிரைக்கு இப்படி 3×2. நல்ல குணம் இரட்டிக்கும் என்பது கணக்கு. மறைந்திருக்கும் கெட்ட குணமும் அதே போல இரட்டிக்கும் என்பதை விற்பனைப் புத்தகத்தில் அச்சடிக்க மாட்டார்கள். ஓர் எனேபிளுக்காகப் பண்ணைக்காரர்கள் இப்படிச் சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் ஒரே ஒரு பெண் குதிரை வைத்திருப்பவர் இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது.

மைக்ராஸ்கோப் என்ன சொல்கிறது?

ரேஸ் குதிரையின் ஓட்டத் திறமையில் எவ்வளவு பரம்பரையாக வருகிறது? டப்ளின் ஆய்வாளர்கள் 1988-ல் சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 2008-ல் வேறு விதமாகக் கணக்கிட்டு, குதிரைகள் வாழ்நாளில் சம்பாதிக்கும் பரிசுப் பணத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கே பரம்பரை காரணம் என்றார்கள். கட்டணம் அதிகமான பொலிகுதிரையின் குட்டி அதிகம் சம்பாதிக்கிறது என்றால், அந்தக் கட்டணத்தைக் கொடுக்க முடிந்தவரால் நல்ல பயிற்சியாளரையும் ஜாக்கியையும் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதும் அதில் அடக்கம். நல்ல காலேஜில் படித்த பையன் கெட்டிக்காரனாக இருப்பதில் காலேஜுக்கு எவ்வளவு பங்கு, அப்பாவின் பணத்துக்கு எவ்வளவு பங்கு என்று நாம் வாதாடுவது போலத்தான்.

ஓரளவு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. 2010-ல் டப்ளினில் எம்மலின் ஹில் என்ற பெண் விஞ்ஞானி குழுவினர், சதை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவுக்கும் குதிரை எந்தத் தூரத்துக்கு ஏற்றது என்பதற்கும் தொடர்பு கண்டார்கள். அந்த மரபணுவில் சி, டி என்று இரு வகை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டும் சி ஆனால் சதைப் பிடிப்புள்ள, குறுகிய தூரத்தில் பாயும் குதிரை. இரண்டும் டி ஆனால் மெலிந்த, நெடுந்தூரக் குதிரை. ஒன்று சி, ஒன்று டி என்றால் நடுத்தூரம். மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பி 2400 மீட்டர். அதற்குக் குட்டி வேண்டும் என்பவர் இரண்டும் சி ஆன பெண் குதிரையை அதே வகைப் பொலிகுதிரையிடம் கொண்டுபோனால், பிறப்பதெல்லாம் 1000, 1200 மீட்டர் குதிரையாகத்தான் இருக்கும். வேகம் எவ்வளவு என்பதை இந்தச் சோதனை சொல்லாது; எந்தத் தூரம் என்பதை மட்டுமே சொல்லும். வியாபாரிகள் இதற்கு 'வேக மரபணு' என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

பரம்பரை போக மீதியில் மண்ணுக்கும் தீவனத்துக்கும் பெரும் பங்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே அரசர்கள் வருஷந்தோறும் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், அவை சீக்கிரம் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். உயர்ந்த சாதிப் பெண் குதிரையும் உயர்ந்த பொலிகுதிரையும் சேர்ந்தும் அங்கே பிறக்கும் குட்டி கால் கோணிப் பயனற்றுப் போகிறது என்பது அவர் குறிப்பு. அங்கே குதிரைக்குச் சோறும் சமைத்த உணவும் கொடுத்ததையும் அவரே சொல்கிறார். தந்தை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தாய்க்குச் சுண்ணாம்புச் சத்துள்ள நல்ல புல் இல்லையென்றால் கால் எலும்பு எங்கிருந்து வரும்? இன்றைக்குப் பண்ணைகள் புனேயைச் சுற்றியும், பஞ்சாப், ஹரியானா பக்கமும், திப்பு சுல்தான் காலத்திலிருந்தே குதிரை வளர்த்த கர்நாடகத்துக் குணிகலிலும் அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது

இத்தனையும் பார்த்துவிட்டு ஒன்றை மறந்தால் எல்லாம் வீண். சிகார் என்ற அமெரிக்கக் குதிரை 1994-லிருந்து 1996 வரை தொடர்ந்து பதினாறு ஓட்டங்களில் ஜெயித்தது. ஓய்வு கொடுத்துப் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பெண் குதிரைகளுடன் சேர்த்தும் ஒன்றுகூடச் சினைப்படவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டரைக் கோடி டாலர் கொடுத்தது. இன்சூரன்ஸ் இல்லாத நம் ஊர்ச் சிறு பண்ணைக்காரர் என்ன செய்வார்? ஆகவே விந்துப் பரிசோதனைச் சான்று, சென்ற வருஷம் சேர்ந்ததில் எத்தனை சினைப்பட்டன என்ற கணக்கு, இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் பண்ணைக்குப் போகாதிருப்பதே உத்தமம். நல்ல பண்ணைகள் குட்டி உயிரோடு பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்தால்தான் கட்டணம் என்று எழுதிக் கொடுக்கின்றன.

நோய்ச் சான்றும் அவசியம். 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் சேர்க்கையால் பரவும் கருப்பைத் தொற்று ஒன்று கிளம்பி அந்தப் பருவத்தையே பாழாக்கியது. பொலிகுதிரைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. நோயை மட்டும் சுமந்துகொண்டு ஒவ்வொரு பெண் குதிரைக்கும் கொடுத்துக்கொண்டே போகும்.

பிறகுதான் அங்க லட்சணம். நம் பெரியவர்கள் சுழி பார்ப்பார்கள். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. அதில் சுழிக்கும் நிறத்துக்கும் பலன்கள் உண்டு. சுழி ஓட்டத்தைக் கூட்டாது, குறைக்காது. பார்க்க வேண்டியது கால். எதிரே நின்று பார்த்தால் தோளிலிருந்து குளம்பு வரை ஒரே நேர்க்கோடு. பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கால் முட்டி பின்னுக்கு வளைந்திருக்கக் கூடாது. ஐந்நூறு கிலோ உடம்பு பாய்ந்து இறங்கும்போது அந்த முட்டிதான் முதலில் உடையும். தோள் எலும்பு நீண்டு சரிந்திருந்தால் எட்டு நீளமாகும். உங்கள் பெண் குதிரைக்கு எந்தக் குறை இருக்கிறதோ அந்தக் குறை இல்லாத பொலிகுதிரையைத் தேடுங்கள். இருவருக்கும் ஒரே குறை இருந்தால் மற்ற எல்லாப் பொருத்தமும் இருந்தாலும் வேண்டாம்.

வண்டிக் குதிரையின் வழி வேறு

இதுவரை சொன்னது ஓடுகிற குதிரை. இழுக்கிற குதிரைக்கு லட்சணம் அநேகமாக நேர்மாறு. இங்கிலாந்தின் ஷயர், சபோக், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல், பிரான்சின் பெர்ஷரான், பெல்ஜியக் குதிரை — இவை ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் நிற்கும் பாரக் குதிரைகள். நம் ஜட்கா வண்டிக் குதிரையை நினைத்துக்கொண்டு இவற்றைக் கற்பனை செய்ய முடியாது. இவற்றின் தோள் ரேஸ் குதிரையைவிடச் சற்று நிமிர்ந்திருக்க வேண்டும்; கழுத்துப் பட்டை அதில்தான் பதிந்து பாரத்தைத் தாங்கும். முதுகு குட்டை, மார்பு அகலம், முட்டிக்குக் கீழே எலும்பு குட்டையாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். குளம்பு அகலமாக, கெட்டியாக. ரேஸ் குதிரை இரண்டு நிமிஷம் ஓடினால் போதும். இது கல் பாவிய தெருவில் நாள் முழுக்க, வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். அதனால் ஓட்டத்தைப் பார்க்காமல் நடையைப் பார்த்தார்கள்.

சுபாவம் இன்னொரு பெரிய வித்தியாசம். சண்டே சைலன்ஸின் தகப்பன் ஹேலோ ஆளைக் கடிக்கும் என்பதால் வாய்க்கூடை மாட்டி வைத்திருந்தார்கள்; அப்படியும் அதைத் தேடி வந்தார்கள். பாரக் குதிரையில் அது நடக்காது. ஒரு டன் மிருகத்தைக் கையில் ஒரு கயிற்றோடு நடத்திப் போவது ஒரே ஒரு ஆள்.

உண்மையிலேயே நடத்தித்தான் போனார்கள். சென்ற நூற்றாண்டின் முதற்பாதி வரை பிரிட்டனில் வசந்த காலம் வந்தால் பொலிகுதிரைக்காரர் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார். திங்கட்கிழமை இந்த ஊர், செவ்வாய் அடுத்த ஊர் என்று அச்சடித்த அட்டை முன்கூட்டியே போய்விடும். ஏழை விவசாயி தன் உழவுக் குதிரையை வாசலிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே: ஒரு வட்டாரத்து விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, கண்காட்சியில் பொலிகுதிரைகளைப் பார்த்து, ஒரு பருவத்துக்கு ஒன்றை வாடகைக்கு அமர்த்துவார்கள். தனியாக ஒருவருக்குக் கட்டுபடியாகாத உயர்ந்த குதிரை இப்படிக் குடியானவன் வீட்டுக்கும் வந்தது. ரேஸ் உலகத்தின் பத்து லட்சம் டாலர் கட்டணத்தைவிட இந்த ஏற்பாடே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் ஊர் ஊராகப் போகும் குதிரையிடம் குறை இருந்தால் குறையும் ஊர் ஊராகப் போகும். அதனால் 1918-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கால்நடை வைத்தியர் பார்த்து லைசென்ஸ் கொடுக்காத பொலிகுதிரையைப் பொது உபயோகத்துக்கு அனுப்பக் கூடாது. கண்புரை, மூச்சில் இரைச்சல், கணுக்கால் எலும்பு வளர்ச்சி போன்று பரம்பரையாக வரும் குறைகள் பட்டியலில் இருந்தால் லைசென்ஸ் கிடையாது. ரேஸ் குதிரைக்கு இன்றுவரை ஏட்டில் வெற்றிதான் முதல் சான்று. பாரக் குதிரைக்கு நூறு வருஷம் முன்பே ஆரோக்கியம்தான் முதல் சான்று.

இன்று அதற்கு மரபணுச் சோதனையும் சேர்ந்திருக்கிறது. பெல்ஜியக் குதிரைகளில் ஒரு கொடிய நோய் உண்டு. தோல் உடம்போடு ஒட்டாமல் உரிந்து, குட்டி பிறந்த சில நாளில் போய்விடும். தாய், தந்தை இருவரும் அந்த மரபணுவை மறைவாகச் சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு வரும். இருவரில் ஒருவரிடம் இல்லாவிட்டால் எந்தக் குட்டிக்கும் வராது. சில மயிரைப் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பதில் வந்துவிடும். அமெரிக்காவில் இன்றும் பெல்ஜியக் குதிரை பூட்டி உழும் ஆமிஷ் விவசாயிகளுக்கு இந்தச் சோதனை ஒரு குட்டியின் உயிர்.

சபோக் குதிரைக்கோ வேறு கவலை. இருக்கும் சபோக் குதிரைகள் அத்தனையும் 1768-ல் பிறந்த ஒரே பொலிகுதிரையின் ஆண்வழி வாரிசுகள். டிராக்டர் வந்தபின் இனமே அருகி, 1966-ல் பதிவான குட்டிகள் ஒன்பதுதான். இப்போது அங்கே ஒருவர் பொலிகுதிரை தேடினால் அழகையும் பலத்தையும் பிறகுதான் பார்ப்பார். என் பெண் குதிரைக்கு எது மிகத் தூரத்து உறவு என்பதே முதல் கேள்வி. ரேஸ்காரர் ஆசைப்பட்டுத் தேடும் 3×2 இங்கே வேண்டாத விருந்தாளி.

நம் நாட்டு வெயிலுக்கு ஒரு டன் குதிரைகள் சரிப்படவில்லை. மலையில் சுமை தூக்க நமக்குக் கோவேறு கழுதைதான். ராணுவம் அதற்காகவே ஹிஸார், பாபுகட் போன்ற இடங்களில் பண்ணை வைத்திருக்கிறது. இங்கே பொலிகுதிரைக்குப் பதில் உயரமான ஆண் கழுதை; பெண் குதிரையோடு சேர்ப்பார்கள். பிறக்கும் கோவேறு கழுதைக்கு வம்ச விருத்தி கிடையாது. ஆகவே நல்ல குட்டி ஒன்று கிடைத்தாலும் அதை வைத்து வம்சம் வளர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் மூல ஜோடியை முதலிலிருந்து தேட வேண்டும்.

பத்திரிகையில் ஒரு வரி

ரேஸ் நாளன்று ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்திலோ ரேஸ் புத்தகத்திலோ குதிரையின் பெயர், வயது, நிறத்தை அடுத்துச் சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள் கோடு போட்டு இருக்கும். முதலில் இருப்பது தந்தை, அடுத்தது தாய். 'பை' என்று எழுதியிருந்தால் தந்தையின் பெயர் வருகிறது, 'அவுட் ஆஃப்' என்றால் தாய். ஒரே பொலிகுதிரைக்குப் பல பெண் குதிரைகளிடம் குட்டிகள் இருந்தாலும் அவற்றைச் சகோதரர் என்று ரேஸ்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தால்தான் சகோதர முறை. சில வாரங்கள் அந்தச் சின்ன எழுத்தை மட்டும் வாசித்து வாருங்கள். அதே நான்கைந்து தகப்பன் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.